விலைக்கு வரும் அரச சாசனம்

பழம்பொருள் வணிகர் வெளியிடும் விலைப்பட்டியல்களில் ஒருவகைப் பொருள் அடிக்கடி இடம்பெறுகிறது. தோலில் எழுதப்பெற்று, ஓரங்களில் பொன்னும் வண்ணமும் தீட்டப்பெற்று, அடியில் மெழுகு முத்திரை தொங்கும் பழைய அரச சாசனமே அது. எந்த அரசர், எந்த ஆண்டு, முத்திரை உடைந்துள்ளதா, பொன் உதிர்ந்துள்ளதா என்பன அப்பட்டியலில் விரிவாகக் கூறப்பெறும். அச்சாசனம் யாருக்கு என்ன வாக்களித்தது, அவ்வாக்கு நிறைவேறிற்றா என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். சில வேளைகளில் அவ்வொரு வரியும் இராது.

இது செல்வரின் பொழுதுபோக்கன்றோ, திருப்பணியாளருக்கு இதனால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். நம் திருமறை பல நூற்றாண்டுகளாகத் தோலில் எழுதிக் காக்கப்பட்டது. அரச சாசனங்கள் எழுதப்பட்டதையும், தொலைந்ததையும், மீண்டும் கண்டெடுக்கப்பட்டதையும் திருமறையே எடுத்துரைக்கிறது. மேலும், வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் தோலோடு அன்றாடம் உழைக்கும் மக்களிடையே வாழ்கின்றனர். ஆகவே, இத்தகைய சாசனம் எவ்வாறு உருவாகிறது, அதன் உண்மையான மதிப்பு எதில் உள்ளது, அதை விற்கும்போது எது இழக்கப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோலும் தோற்சுருளும்

ஆம்பூரில் பதனிடப்படும் தோலும், சாசனம் எழுதப்படும் தோலும் ஒரே வகை ஆட்டிலிருந்து கிடைக்கக்கூடும். இரண்டுக்கும் தொடக்க வேலைகளும் ஏறத்தாழ ஒன்றே. பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் பல நாள் கிடத்தி, மயிரைக் களைந்து, உட்புறத்துச் சதையைச் சுரண்டி எடுப்பர். இதன்பின் வழிகள் பிரிகின்றன.

பதனிடுவோர் தோலை ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் ஊறவைப்பர். அச்சாற்றின் துவர்ப்பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, அதை அழுகாமலும் வளைந்து கொடுக்கும்படியும் செய்யும். இதுவே நம் வட்டாரத்தின் பழைய முறை; குரோமிய உப்பினால் பதனிடும் முறை பின்னர் வந்து பரவியது. எழுதுவதற்கான தோலுக்கோ இவ்வாறு பதனிடுதல் இல்லை. ஈரத்தோலை மரச்சட்டத்தில் கயிறுகளால் இழுத்துக்கட்டி, பிறைவடிவக் கத்தியால் இருபுறமும் சுரண்டி, இழுத்த நிலையிலேயே உலரவிடுவர். அப்போது தோலின் நார்கள் பரப்புக்கு இணையாகப் படிந்து, மெல்லிய, வெண்மையான, விறைப்பான தகடு கிடைக்கிறது. அதை நுரைக்கல்லால் தேய்த்துச் சுண்ணப்பொடி தூவி மை ஏற்கும்படி செய்வர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பார்ச்மெண்ட்' என்னும் பெயர் பெர்கமு என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில் மடல் பெற்ற ஏழு சபைகளுள் ஒன்று இருந்த ஊரும் அதுவே.

இச்செய்முறையை அறிந்தால் பழஞ்சாசனத்தின் இயல்பும் விளங்கும். மயிர் இருந்த புறம் சற்று மஞ்சளாகவும் மயிர்க்கால்களின் புள்ளிகளுடனும், சதை இருந்த புறம் வெண்மையாகவும் தோன்றும். பதனிடப்படாமையால், ஈரம் பட்டால் அது நெளிந்து சுருங்கும். மிகுந்த வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கூழாகிவிடும். இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களுக்குச் செம்மறியாட்டுத் தோலை விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. எழுத்தைச் சுரண்டி அழிக்க முயன்றால் அத்தோலின் மேற்படலம் பிரிந்து, மோசடியைக் காட்டிக்கொடுத்துவிடும். சொன்ன சொல்லைப் பின்னர் எவரும் மாற்றலாகாது என்னும் கவலையே அப்பொருளைத் தேர்ந்தெடுக்கச் செய்தது.

மையும் பொன்னும் முத்திரையும்

எழுதும் மை, கருவாலி மரத்தின் காய் போன்ற புடைப்புகளின் துவர்ச்சாற்றையும் இரும்புச் சத்துள்ள அன்னபேதியையும் கலந்து செய்யப்பட்டது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல் முறைப்படியே ஆகும். தோலைப் பதனிடும் துவர்ப்பொருளே இரும்போடு கூடிக் கருமையாகி, தோலுக்குள் இறங்கி நிலைக்கிறது. முதலெழுத்தைச் சுற்றிய கொடிகளுக்கும், அரசரின் உருவத்துக்கும், மரபுச் சின்னங்களுக்கும் செந்தூரமும் நீலமும் தீட்டப்பட்டன. பொன்தகட்டை ஒருவகைப் பசையின்மேல் பதித்து, வழவழப்பான கல்லால் மெருகேற்றினர்.

அழகுக்காக மட்டும் இவ்வளவும் செய்யப்படவில்லை. எழுத்தறியாதவரும் இது அரசரின் வாக்கு என்று கண்டு உணரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆங்கிலேய அரசர்கள் பட்டம், பதவி, உரிமை ஆகியவற்றை வழங்கும்போது 'லெட்டர்ஸ் பேடண்ட்' என்னும் ஆவணத்தை வெளியிட்டனர். 'திறந்த மடல்' என்பதே அப்பெயரின் பொருள். முத்திரையை உடைத்தாலன்றிப் படிக்க முடியாத மூடிய மடல் தனியொருவருக்கு உரியது. திறந்த மடலிலோ முத்திரை அடியில் தொங்கும்; எவரும் படிக்கலாம். எல்லாரும் அறியும்படி கொடுத்த வாக்கை அரசரே பின்னர் மறுத்தல் அரிது.

ஆற்காட்டுக்கு வந்த மடல்

இத்தகைய மடலொன்று நம் வட்டாரத்தின் பெயரையே தாங்கியுள்ளது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கிய ஆற்காடு ஒருகாலத்தில் கர்நாடக நவாபுகளின் தலைநகராக இருந்தது. நவாபு குலாம் முகம்மது கவுஸ் கான் 1855இல் பிள்ளையின்றி இறந்தபோது, டல்ஹவுசி பிரபுவின் காலத்துக் கும்பெனி ஆட்சி அப்பட்டம் அத்துடன் முடிந்தது எனத் தீர்மானித்தது. சென்னைச் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. இறந்தவரின் சிறிய தந்தையாராகிய அசீம் ஜா தம் குடும்பத்தின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். இறுதியில் விக்டோரியா அரசியார் 1870இல் வழங்கிய திறந்த மடலினால், வழிவழியாக வரும் 'ஆற்காட்டு இளவரசர்' என்னும் பட்டம் உறுதிசெய்யப்பட்டது. இந்திய நாட்டில் முன்னாள் மன்னர்களின் மானியம் 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தத்தினால் ஒழிக்கப்பட்ட பின்னரும் இப்பட்டம் தொடர்ந்து வந்தது.

நாட்டை இழந்த குடும்பத்துக்கு ஒரு பட்டம் ஈடாகுமா என்பது வேறு கேள்வி. நாம் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றே. வழங்கிய அரசியாரும் பெற்றவரும் மறைந்தனர், பேரரசும் அகன்றது. எனினும் மடலில் எழுதப்பட்ட சொல் தலைமுறைகளைக் கடந்து வலிமையோடு நின்றது. சாசனம் என்பது செயல்புரியும் சொல். அதற்கு மதிப்பளிப்பது அச்சொல்லே. பொன்னும் முத்திரையும் அச்சொல்லுக்குச் சாட்சிகள் மட்டுமே.

நம் நாட்டார் தோலில் எழுதாமை

நம் மன்னர்களின் சாசனங்கள் கல்லிலும் செப்பேட்டிலும் உள்ளன. நூல்கள் ஓலையில் உள்ளன. இந்துக்கள் தோலில் எழுதும் வழக்கமுடையவரல்லர் என 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி குறித்துள்ளார். பனையோலை எளிதாகக் கிடைத்ததும், நம் தட்பவெப்பத்தில் தோல் கெடுவதும் இதற்குக் காரணங்களாகலாம். செத்த விலங்கின் தோல் தீட்டு என்னும் எண்ணத்தையும் நாம் மறைத்தற்கில்லை. அத்தீட்டு தோலோடு நில்லாது, தோலைத் தொட்டு உழைத்தவர்மேலும் சுமத்தப்பட்டது. அவர்கள் ஊருக்குப் புறம்பே குடியிருத்தப்பட்டனர். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகையில் இருந்த தோற்சின்னமும் ஒரு காரணமாயிற்று என்பது வரலாறு.

ஐரோப்பாவிலும் நிலை முற்றிலும் வேறன்று. தோல் பதனிடுவோரும் சுண்ணாம்புக் குழியில் உழைப்போரும் நாற்றத்தினிமித்தம் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். அவர்கள் உரித்துச் சுரண்டிய தோல் அரசரின் கைக்கும் பலிபீடத்துக்கும் சென்றது. சாசனத்தில் அரசரின் பெயர் உண்டு, பெற்றவரின் பெயர் உண்டு, சாட்சிகளின் பெயர்களும் உண்டு; தோலை உருவாக்கியவரின் பெயரைக் காண்பது அரிது.

விற்கும்போது நேர்வது

எல்லா விற்பனையும் குற்றமன்று. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்துக்குப்பின் தேவையற்றுப்போன பழைய தோற்பத்திரங்கள் மலிவாக விற்கப்பட்டு, விளக்குக் கூடுகளாகவும் முரசுத் தோல்களாகவும் மாறின. வாங்கிப் பேணியவர்களால் பிழைத்த ஆவணங்களும் பல. ஆயினும் இழப்புகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பாரசீக அரச குலத்தவரும் எகிப்தின் ஆளுநருமாகிய அர்சாமா கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அரமேயத்தில் எழுதிய தோல் மடல்கள் சில, பழம்பொருள் வணிகத்தின் வழியாக வெளிவந்தன. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகம் 1940களில் அவற்றைப் பெற்றது, ஜி. ஆர். டிரைவர் 1954இல் பதிப்பித்தார். எஸ்றாவின் நூலில் காணும் பாரசீக ஆட்சிமொழியையும் மடல் நடையையும் விளக்க அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால், அவை எகிப்தில் எவ்விடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்பது வணிகரின் கைமாற்றத்தில் மறைந்துபோயிற்று. எழுத்து நமக்குக் கிடைத்தது. அது வாழ்ந்த இடம் கிடைக்கவில்லை.

சீனாய்த் தோற்சுவடியின் கதையை மாணவர் அறிவர். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்திருமறையின் பெரும்பகுதி புனித கத்தரீன் மடத்திலிருந்து திஷெண்டார்ஃபினால் 1859இல் இரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1933இல் சோவியத் அரசு அதனைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு 1,00,000 பவுனுக்கு விற்றது. இன்று அச்சுவடியின் ஏடுகள் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன.

நம் நாட்டுத் திருச்சபையின் வரலாறும் இதில் பாடம் கற்பிக்கிறது. கானாயி தோமா என்பவருக்குச் சேரமான் பெருமாள் அளித்ததாகக் கூறப்படும் செப்பேடுகளை, 16ஆம் நூற்றாண்டில் மார் யாக்கோபு என்னும் சிரியப் பேராயர் பணமுடையினால் அடகு வைத்தார். கொச்சியிலிருந்த போர்த்துக்கீசிய அதிகாரி அவற்றை மீட்டார். ஆனால், பின்னர் போர்த்துக்கீசியரின் காவலிலேயே அவை காணாமற்போயின. ஒரு சமுதாயத்தின் உரிமைகளுக்கு ஆதாரமான ஏடு சிறுதொகைக்குக் கைமாறி, இறுதியில் எவருக்கும் இல்லாமற்போயிற்று.

இதற்கு மாறாக, கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடுகள் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. அப்பள்ளியோடு இணைக்கப்பட்ட ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகளும் அவற்றில் குறிக்கப்பெறுகின்றன. அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. தொழிலாளர் குடிகளையும் அவர்தம் நிலையையும் அறிய அவ்வேடுகள் இன்று நமக்கு உதவுகின்றன. செம்பின் எடைக்கு விற்றிருந்தால் இவை யாவும் அழிந்திருக்கும்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாகத் தரங்கம்பாடியில் 1715இல் அச்சிடப்பட்டதும், சரபோஜி மன்னரின் கையொப்பம் உடையதுமான தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் படி, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்திலிருந்து காணாமற்போனதாக 2005இல் தெரியவந்தது. அது இலண்டனில் ஒரு சேகரிப்பில் உள்ளதாகத் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2022இல் அறிவித்தனர்.

திருமறையின் ஒளியில்

எஸ்றா 6ஆம் அதிகாரத்தில் ஒரு சாசனத் தேடல் கூறப்பெறுகிறது. எருசலேமில் ஆலயத்தைக் கட்டும் எளிய மக்களை அதிகாரிகள் வினவுகின்றனர். கோரேசு அரசர் கட்டளை தந்தார் என்பதற்கு அம்மக்களிடம் நினைவு உண்டு, சாசனம் இல்லை. தரியு அரசர் தேடச் செய்கிறார். மேதிய நாட்டு அக்மேதா அரண்மனையில் சுருள் அகப்படுகிறது, வேலை தொடர்கிறது. அச்சுருளின் அழகைப்பற்றித் திருமறை ஒன்றும் சொல்லவில்லை. அது காக்கப்பட்டிருந்தது, தேடினபோது கிடைத்தது, படிக்கப்பட்டது, நலிந்தவருக்கு அரணாயிற்று. சாசனம் இருப்பதன் நோக்கம் இதுவே.

எரேமியா 32இல் வேறொரு காட்சி. நகரம் முற்றுகையிடப்பட்டிருக்க, காவலில் இருக்கும் இறைவாக்கினர் ஆனதோத்தின் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. அன்றைய சந்தையில் அந்நிலத்துக்கு மதிப்பு இராது. ஆயினும் மக்கள் மீண்டும் அங்கே குடியேறுவர் என்னும் இறைவனின் வாக்கை நம்பியதால் அவர் பத்திரத்தைக் காக்கிறார். ஆவணத்தைப் பேணுதல் பழமையின்மேல் கொண்ட பற்று மட்டுமன்று. வருங்காலத்தைப் பற்றிய விசுவாச அறிக்கையுமாகும்.

பவுலடிகளார் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மேலங்கியோடு புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார் (2 தீமோத்தேயு 4:13). மற்றுமோர் இடத்தில், மையினால் எழுதப்படாமல் இதயங்களில் எழுதப்பட்ட மடல் எனச் சபையாரையே குறிக்கிறார் (2 கொரிந்தியர் 3:3). இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தலாகாது. ஏட்டைத் தேடிய அப்போஸ்தலரே மனிதரை ஏடாகக் கண்டார்.

இந்நிலையில் யோப்பாவை மறத்தலாகாது. தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பேதுரு தங்கினார் (அப்போஸ்தலர் 9:43). யூத சமுதாயத்தில் அத்தொழில் இழிவாகக் கருதப்பட்டது. அவ்வீட்டின் மேல்தளத்திலேதான் இறைவன் சுத்தமாக்கினவற்றைத் தீட்டெனக் கூறலாகாது என்னும் வெளிப்பாடு அவருக்கு வந்தது. தோலில் எழுதிய வசனத்தை மதித்து, தோலில் உழைத்த கையை இகழ்ந்த உலகுக்கு இது கடிந்துரை. நம் பாலாற்றங்கரைக்கும் இது பொருந்தும். தோல் ஆலைகளின் கழிவால் ஆறும் கிணறும் கெட்டமையை வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கண்டித்து, மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. 2015 சனவரியில் இராணிப்பேட்டைச் சிப்காட் வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். தோலின் விலை பட்டியலில் காணும் தொகை மட்டுமன்று.

திருப்பணியாளர் செய்யத்தக்கவை

நம் சபைகளில் பொன் தீட்டிய தோற்சாசனம் இருப்பது அரிது. ஆனால், திருமுழுக்குப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், ஓலைகள், மிஷனெரிமாரின் கடிதங்கள் பல உள. தாத்தாவின் பெயரை வேறெந்த ஏட்டிலும் காணமுடியாத தொழிலாளர் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடே சாசனம். அரசர் பெயர் இல்லாத அவ்வேடு, நம் நோக்கில் அரச சாசனத்திற்குக் குறைந்ததன்று.

முதலாவது, சபையிலுள்ள ஏடுகளைப் பட்டியலிட்டு, ஒரு படியைப் பேராயத்திலும் வைக்கவேண்டும். படம் எடுத்து வைத்தல் இன்று எளிது. இரண்டாவது, மரப்பெட்டியின் ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் அவற்றைக் காக்கவேண்டும். ஞெகிழித்தாளில் ஒட்டி மூடுதல், பசைநாடா ஒட்டுதல், சுருண்ட தோலை வெந்நீராலோ சூடான பெட்டியாலோ நிமிர்த்துதல் ஆகியன ஏட்டை அழிக்கும். மூன்றாவது, காக்க இயலாதவற்றை இறையியற் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் எழுத்துமூலம் ஒப்படைக்கலாம். நான்காவது, சட்டத்தை அறிதல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி, வரலாறு, இலக்கியம் முதலியவற்றில் மதிப்புடைய கையெழுத்தேடும் ஆவணமும் 75 ஆண்டுப் பழமை உடையதாயின் தொல்பொருளாகும். அத்தகையவற்றை விற்கும் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றம். 'பழைய தாள்தானே' என்று கேட்டு வருவோரிடம் சபைக்குழுவின் தீர்மானமின்றி எதையும் கொடுத்தலாகாது. கட்டட நிதிக்குப் பணம் தேவைப்படும் காலத்தில் இவ்விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும்.

எங்கேனும் பழைய சாசனமொன்று விலைக்கு வந்திருப்பதை நாம் காண நேர்ந்தால், மூன்று கேள்விகளைக் கேட்போமாக. இதில் வாக்குப் பெற்றவர் யார்? அவரிடமிருந்து இது எவ்வாறு பிரிந்தது? இதை உருவாக்கிய கைகள் எவை? இவற்றிற்கு விடை தேடும் பழக்கமுடைய திருச்சபை, தன் பீரோவிலுள்ள பழைய பதிவேட்டையும், தோல் ஆலையிலிருந்து களைத்து ஆராதனைக்கு வருபவரையும் ஒரே கண்ணோடு மதிக்கும். வாக்கைக் காப்பவராகிய இறைவனை அறிவிக்கும் நாம், மனிதருக்கு அளிக்கப்பட்ட வாக்குகளின் ஏடுகளையும் காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.